நடுக்கடலில் எஞ்சின் நின்றால்? கரையில் செலவிடும் 20 நிமிடம்தான் பதில்! - 'நாமே செய்வோம்' தொடர்

அதிகாலை மூன்று மணி. கன்னியாகுமரி மாவட்டத்தின் ஒரு கடற்கரை ஊர். வள்ளத்தைத் தள்ளிக் கடலில் இறக்கியாயிற்று. மகன் எஞ்சின் கயிற்றை இழுக்கிறான். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து... எஞ்சின் இருமுகிறதே தவிர, பிடிக்கவில்லை.

"என்னலே, பிடிக்கலியா?"

"இல்லப்பா. நேத்து நல்லாத்தானே ஓடிச்சு!"

"நேத்து கரைக்கு வரும்போது பெட்ரோலுக்கு மாத்திட்டுத்தானே நிறுத்துன?"

மகனிடமிருந்து பதில் இல்லை.

ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை, சின்ன வள்ளங்கள் தொழிலுக்குப் போகும் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு சாதாரண 'ஸ்டார்ட்டிங் டிரபுள்'. கடல்காரர்களுக்கு அப்படி இல்லை. அலை உடையும் இடத்தில் எஞ்சின் பிடிக்காமல் போனால், வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய வள்ளம் கவிழ அடுத்த ஒரு அலை போதும். அலையைத் தாண்டிய பிறகு நின்றால், காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கம்தான் வள்ளம் போகும்.

பைக் நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். கடலில் ஓரம் கிடையாது.

ஆனால், கடலில் நிற்கும் எஞ்சின்களில் பெரும்பாலானவை அங்கே பழுதாவதில்லை. முந்தைய நாள் கரையில் கவனிக்காமல் விட்ட ஒரு சின்ன விஷயம்தான் மறுநாள் கடலில் வேலையைக் காட்டுகிறது. அந்தச் சின்ன விஷயங்களை மெக்கானிக் வரும்வரை காத்திருக்காமல் நாமே எப்படிக் கவனிப்பது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

மூன்று விஷயம் சரியாக இருந்தால் ஓடும்!

வள்ளத்தின் பின்பக்கப் பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில் மூன்று பகுதிகள். மேலே மூடிக்குள் இருப்பது எஞ்சின். நடுவில் நீளமான கால். கீழே கியரும் புரொப்பல்லரும். தேவைப்படும்போது மொத்தத்தையும் தூக்கிச் சாய்த்துக்கொள்ளலாம் என்பதால்தான், துறைமுகம் இல்லாமல் மணலிலேயே கரையேறும் ஊர்களில் இந்த எஞ்சின் இவ்வளவு பரவியது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான 'சிஃப்ஸ்' போன்ற அமைப்புகள் 1980-களிலிருந்து எஞ்சின் விற்பனையோடு பழுதுபார்க்கும் வேலையையும் மீனவர்களிடம் கொண்டுவந்தன.

எஞ்சின் ஓட மூன்று விஷயம் வேண்டும். சுத்தமான எரிபொருள், சரியான நேரத்தில் பிளக்கில் நெருப்புப் பொறி, சூட்டைத் தணிக்கத் தண்ணீர். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் எஞ்சின் நிற்கும். எது தவறியது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கட்டாய விதி. புரொப்பல்லர் பக்கம் கை வைப்பதற்கு முன்பு, எஞ்சினை நிறுத்தும் சுவிட்சில் மாட்டியிருக்கும் கயிற்று கிளிப்பைக் கழற்றுங்கள். பிளக் மூடியையும் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது, நெருப்புக்குத் தெரியும்.

கரைக்கு வந்ததும்: நல்ல தண்ணீரில் ஒரு ஓட்டம்

எஞ்சின் ஓடும்போது கீழ்க்காலில் உள்ள ஓட்டைகள் வழியாகக் கடல்நீர் உள்ளே போய், எஞ்சினைச் சுற்றி வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். எஞ்சினை நிறுத்தியதும் உள்ளே மிச்சமிருக்கும் நீர் காய்ந்துவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும் இந்த உப்பு, ஒருநாள் தண்ணீர் போகும் வழியையே அடைத்துவிடும். டீக்கெட்டிலில் படியும் உப்பைப் போலத்தான்.

இதற்கு மருந்து நல்ல தண்ணீர்தான். உறுதியான மரச்சட்டத்தில் எஞ்சினை மாட்டுங்கள். புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிடுங்கள். கால் பகுதி ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்முக்குள் இருக்கட்டும். புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகடு மூழ்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, மெதுவான வேகத்தில் 10 நிமிடம் ஓட்டுங்கள். புகை வெளியேற வேண்டும் என்பதால் இதைத் திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டும்.

முடித்ததும் எஞ்சினை நிமிர்த்தியே வைத்திருங்கள். உள்ளே உள்ள தண்ணீர் முழுவதும் வடியட்டும். வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் படுக்க வைக்கும்போதும் ஒரு கவனம் தேவை. எஞ்சினின் தலைப்பகுதி எப்போதும் கால் பகுதியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தலை தாழ்ந்தால், காலில் மிச்சமிருக்கும் தண்ணீர் புகைக்குழாய் வழியாக சிலிண்டருக்குள் போய்விடும். பல எஞ்சின்கள் கெட்டுப்போவது கடலில் அல்ல, திண்ணையில்!

மேல்மூடியைத் திறந்து உள்ளே ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். குழாயால் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. உள்ளே வயர்களும் கார்புரேட்டரும் இருக்கின்றன.

பின்னால் பீய்ச்சும் தண்ணீரைப் பாருங்கள்

எஞ்சின் ஓடும்போது பின்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்குள் தண்ணீர் சுற்றுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. எஞ்சின் பிடித்த உடனே திரும்பிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

தண்ணீர் வரவில்லை என்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். முதலில் காலைத் தூக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் பையோ, பாசியோ தண்ணீர் இழுக்கும் ஓட்டையை மூடியிருக்கலாம். அது இல்லையென்றால், தண்ணீர் பீய்ச்சும் ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். உப்போ மணலோ அடைத்திருக்கலாம்.

இரண்டும் இல்லையென்றால், தண்ணீர் இழுக்கும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். இதன் ரப்பர் இதழ்கள் தண்ணீரில் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டவை. தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டினால் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும். அதனால்தான் 'சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன்' என்று காய்ந்த தரையில் எஞ்சினை ஓட்டவே கூடாது. தினமும் கடலுக்குப் போகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது இம்பெல்லரைப் பார்த்துவிடுவது நல்லது. மணல் கலங்கிய நீரில் அதிகம் ஓட்டினால் அதற்கும் முன்பே பார்க்க வேண்டியிருக்கும்.

பெட்ரோலில் தொடங்கி, பெட்ரோலில் முடிக்க வேண்டும்

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெயில் பிடிக்காது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்கு வரும்போது நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் இருக்கும், மறுநாள் எளிதாகப் பிடிக்கும். தொடக்கத்தில் பார்த்த மகன் மறந்தது இதைத்தான். ஒரு குழாயைத் திருப்ப மறந்ததற்கு, பத்துமுறை கயிறு இழுத்தும் பலன் இல்லை.

அடுத்தது ஆயில் கலவை. 2 ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிபொருளோடு கலந்த ஆயில்தான் உள்ளே உராய்வைக் குறைக்கிறது. கையேட்டில் 50:1 என்று போட்டிருந்தால் 10 லிட்டருக்கு 200 மில்லி ஆயில். 25:1 என்றால் 10 லிட்டருக்கு 400 மில்லி. பெட்ரோலுக்கு ஒரு அளவும் மண்ணெண்ணெய்க்கு வேறு அளவும் இருக்கலாம். எஞ்சினுக்கு எஞ்சின் மாறும் என்பதால், பக்கத்து வள்ளத்துக்காரர் சொல்லும் அளவை நம்ப வேண்டாம். உங்கள் எஞ்சினின் கையேட்டைப் பாருங்கள்.

ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகும். 'கூட ஊத்துனா எஞ்சினுக்கு நல்லது' என்பதும் தவறு. கூடினால் புகை தள்ளும், பிளக் கருக்கும், கரி படியும். கண்ணளவில் ஊற்றாமல், குழந்தைக்கு மருந்து அளப்பது போல் அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். வாங்கும்போது டப்பாவில் 'டிசி-டபிள்யூ3' என்று இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரால் குளிரூட்டப்படும் 2 ஸ்ட்ரோக் படகு எஞ்சின்களுக்கான தர அடையாளம் அது. பழைய ஸ்கூட்டருக்கு ஊற்றும் ஆயில் வேறு வகை.

கேனில் தண்ணீர் கலந்திருப்பதும் எஞ்சின் திக்கித் திக்கி நிற்க ஒரு காரணம். கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். அப்படியென்றால் கேனைக் காலி செய்து துடைத்து, ஃபில்டரையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இன்னொன்று, கேட்கும்போது சிரிப்பு வரும். எஞ்சின் நன்றாகப் பிடித்து, கொஞ்ச நேரம் ஓடி, பிறகு மூச்சுத் திணறியது போல் நின்றால் முதலில் கேன் மூடியைப் பாருங்கள். மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பீர்கள். காற்று உள்ளே போகாவிட்டால் எரிபொருள் வெளியே வராது. தலைகீழாகக் கவிழ்த்த தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் முட்டி முட்டி வருவது போலத்தான் இதுவும்.

பிளக் சொல்லும் சேதி

எஞ்சின் ஆறிய பிறகு பிளக் ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனையின் நிறமே எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லிவிடும்.

வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. கறுத்து, ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயில் கூடியிருக்கலாம், சோக் இழுத்தபடியே ஓட்டியிருக்கலாம் அல்லது பொறி பலவீனமாக இருக்கலாம். வெளுத்துப்போய், சின்னக் கொப்புளங்களோடு இருந்தால் எஞ்சின் அதிகமாகச் சூடாகிறது என்று அர்த்தம். தண்ணீர் சுற்றுகிறதா, எரிபொருள் சரியாக வருகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

கரி படிந்திருந்தால் பிரஷ்ஷால் துடைத்து மாட்டலாம். முனை தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். அதே எண் உள்ள பிளக்தான் போட வேண்டும். முதலில் கையால் கடைசிவரை திருகி, பிறகுதான் ஸ்பேனரால் லேசாக இறுக்க வேண்டும். தொடக்கத்திலேயே ஸ்பேனர் போட்டால் மரை கோணலாக ஏறி, அலுமினியத் தலையே கெட்டுவிடும். நூறு, இருநூறு ரூபாய் வேலை சில ஆயிரங்களில் போய் முடியும்.

கியர் ஆயில் பால் போல் இருந்தால்...

கால் பகுதியின் பக்கவாட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு திருகுகள் இருக்கும். கீழே ஒரு பாத்திரத்தை வைத்து இரண்டையும் கழற்றினால் பழைய கியர் ஆயில் வடியும். அது தேன் நிறத்திலோ, கறுப்பாகவோ இருந்தால் பயமில்லை. பால் கலந்த காபி போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள்.

புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேல் ஓட்டையில் ஆயில் வழியும்வரை ஏற்றினால் உள்ளே காற்று தங்காது. வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடி, பிறகு கீழ்த் திருகை மூடுங்கள். இரண்டிலும் உள்ள சின்ன வாஷரைப் புதிதாக மாற்றிவிடுங்கள். புது எஞ்சினுக்கு முதல் 10 மணி நேரத்திலும், அதன்பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றுவது பொதுவான கணக்கு. பழைய ஆயிலை மணலிலோ கடலிலோ ஊற்ற வேண்டாம். அது நாம் மீன் பிடிக்கும் இடம்.

சீல் போவதற்கு ஒரு முக்கியக் காரணம் தங்கூசி நரம்பு. கடலில் மிதக்கும் அறுந்த வலைத்துண்டு புரொப்பல்லரில் சுற்றி, பின்பக்கம் உள்ளே போய், ரப்பர் சீலை அறுத்துவிடும். புரொப்பல்லரைக் கழற்றும்போதெல்லாம் தண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும்போது தண்டில் தண்ணீரில் கரையாத கிரீஸ் தடவி, புதிய ஸ்பிளிட் பின் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் போட்டால் அது உடைந்து, நட்டு கழன்று, புரொப்பல்லரே கடலுக்குள் போய்விடலாம்.

காலில் சின்ன உலோகக் கட்டி ஒன்று இருக்கும். உப்பு நீர் எஞ்சினை அரிக்காமல், தான் அரிபட்டுக் காப்பாற்றும் கட்டி அது. அதன் மேல் பெயின்ட் அடித்தால் வேலை செய்யாது. பாதிக்கு மேல் கரைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் கடலில் மூழ்கிவிட்டால்?

அலையில் வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் மூழ்கினால், அடுத்த சில மணி நேரம் முக்கியமானது. வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரில் உப்பையும் மணலையும் கழுவுங்கள். பிளக்கைக் கழற்றி, பிளக் ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளே உள்ள தண்ணீரை வெளியேற்றுங்கள். கார்புரேட்டரில் உள்ளதையும் வடித்துவிடுங்கள். சிலிண்டருக்குள் 2 ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சம் ஊற்றி, மீண்டும் சில முறை இழுங்கள். அன்றே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

கயிறு இழுக்கும்போது இறுக்கமாக இருந்தாலோ, மணல் நெரியும் சத்தம் கேட்டாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலத்தைக் காட்டினால் உள்ளே உடையும்.

கடலில் நின்றுவிட்டால்... வரிசையாகப் பாருங்கள்

முதல் வேலை எஞ்சின் அல்ல, வள்ளம். ஆழம் இருக்கும் இடத்துக்கு ஏற்ப நங்கூரம் போட்டு வள்ளம் ஒதுங்காமல் பாருங்கள். பக்கத்து வள்ளத்துக்குத் தகவல் சொல்லுங்கள். உயிர்காப்பு உடையை மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு வரிசையாக:

1. நிறுத்தும் சுவிட்சின் கிளிப் கழன்றிருக்கிறதா?
2. கியர் நியூட்ரலில் இருக்கிறதா?
3. கேனில் எரிபொருள் இருக்கிறதா, மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா?
4. எரிபொருள் குழாய் மடங்கியிருக்கிறதா, கையால் அமுக்கும் ரப்பர் பல்பு இறுகுகிறதா?
5. பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கிறதா? அப்படியென்றால் எரிபொருள் அதிகமாகிவிட்டது. பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக் இல்லாமல் இழுங்கள்.
6. புரொப்பல்லரில் வலை சுற்றியிருக்கிறதா?

இதற்கெல்லாம் தேவைப்படும் பொருள்கள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அடங்கும். பிளக் ஸ்பேனர், இரண்டு புது பிளக், ஸ்க்ரூ டிரைவர், குறடு, ஸ்பிளிட் பின், மெல்லிய கம்பி, காய்ந்த துணி, டார்ச், கத்தி. இவற்றோடு துடுப்பும் வள்ளத்தில் இருக்க வேண்டும். எந்த எஞ்சினுக்கும் மாற்று துடுப்புதான்.

இவ்வளவு பார்த்தும் பிடிக்கவில்லையா? வெட்கப்படாமல் உதவி கேளுங்கள். இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

எங்கே நிறுத்த வேண்டும்?

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்பதில்லை. பிளக்கை மாற்றியும் பொறி வரவில்லை, எரிபொருள் சரியாக இருந்தும் எஞ்சின் வேகம் எடுக்கவில்லை, கியர் ஆயில் பால் நிறத்தில் வருகிறது, உள்ளே உலோகம் மோதும் சத்தம் கேட்கிறது... இவையெல்லாம் மெக்கானிக்கின் வேலை. புது எஞ்சின் என்றால், வாரன்டி இருக்கும்வரை உள்பாகங்களில் கை வைக்காதீர்கள்.

ஆனால் மெக்கானிக்கிடம் போகும்போது 'என்னமோ ஓடலண்ணே' என்று சொல்வதற்கும், 'பிளக் வெளுத்திருக்கு, பின்னால தண்ணி கம்மியா வருது' என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதாகச் சொல்கிறவரின் எஞ்சின் சீக்கிரம் வீடு திரும்பும், செலவும் குறையும்.

வீட்டில் ஒரு நோட்டு

கடைசியாக ஒரு வேலை. இதற்கு ஸ்பேனர் வேண்டாம், பழைய பள்ளிக்கூட நோட்டு போதும். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, கியர் ஆயில் எப்போது மாற்றினோம், பிளக் எப்போது போட்டோம், இம்பெல்லர் எப்போது பார்த்தோம் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். கடலிலிருந்து களைத்து வருகிறவருக்கு எழுதப் பொறுமை இருக்காது. வீட்டில் இருப்பவர் யாராவது கேட்டு எழுதலாம்.

மீன் விற்ற பணத்தில் எரிபொருள் செலவு போக, வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் ஒரு பங்கு ஒதுக்கிவிட்டுத்தான் ஆட்களுக்குப் பங்கு பிரிக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதாவது, எஞ்சினும் அந்தத் தொழிலில் ஒரு ஆள். அந்த ஆளின் பங்கிலிருந்து வாரத்துக்குக் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்தால், பிளக்குக்கும் ஆயிலுக்கும் வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை.

மாலையில் வள்ளம் கரையேறியதும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, 'இன்னிக்கு என்ன பாடு?' என்பதாக இருக்கலாம். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"எஞ்சினை நல்ல தண்ணியில ஓட்டியாச்சா?"

மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கு, அலைக்கு முன்னால் நிற்கும் மனிதருக்கு வீட்டிலிருந்து கொடுத்தனுப்பக்கூடிய துணை அந்தக் கேள்விதான்.

(அடுத்த வாரம்: மழைக்காலத்துக்கு முன்பு தையல் மெஷினுக்கு ஒரு எண்ணெய்க் குளியல்!)